இருபத்தைந்தாம் நாளைத் தொலைத்தவன்

நிசான் 13, செவ்வாய்

பஸ்காவுக்கு இன்னும் இரண்டு நாள். பண்டிகையில் புளித்த மாவுப் பண்டம் எதுவும் வீட்டில் இருக்கக்கூடாது என்பதால், ரொட்டித் துணுக்கு தேடும் படலம். என் குளிர்காலக் கோட்டுப் பையிலிருந்து பாதி பிஸ்கட்டைக் கண்டெடுத்த என் மனைவி சுலீகா, அதை என் மூக்குக்கு நேரே பிடித்து ஆட்டினாள். அது போன வருஷத்து பிஸ்கட் என்று சொல்லிப் பார்த்தேன். குற்றம் இன்னும் பெரிதாகிவிட்டது.

"அப்போ போன வருஷமும் இது வீட்டுலதான் இருந்துதா?" என்றாள்.

இந்த நோட்டைத் தொடங்க ஒரு காரணம் இருக்கிறது. வெளியே சொல்ல முடியாத காரணம். பஸ்காவின் முதல் நாள் முடிந்த மாலையிலிருந்து நாற்பத்தொன்பது நாள், ஒவ்வொரு மாலையும் துதி சொல்லி எண்ண வேண்டும். ஏழு வாரத்துக்கு ஏழு குணம். அன்பு, கட்டுப்பாடு, இசைவு, உறுதி, பணிவு, பிணைப்பு, ஆட்சி. ஒவ்வொரு வாரத்துக்குள்ளும் மறுபடி அதே ஏழு. அன்புக்குள் அன்பு, அன்புக்குள் கட்டுப்பாடு என்று நாளுக்கு ஒரு படியாக ஏறி, ஐம்பதாம் நாளான வாரங்களின் பண்டிகையன்று மனிதன் புதுப் பாத்திரமாக நிற்க வேண்டும். எங்கள் ஸபேத் ஊரின் பழைய யூத ஞானிகள் அப்படித்தான் சொல்லி வைத்தார்கள். நடுவில் ஒரு நாள் தவறினால் தீர்ந்தது. அதற்குப் பிறகு வெறும் எண்ணை முணுமுணுக்கலாம், துதி சொல்ல உரிமையில்லை.

எனக்கு வயது அறுபத்தொன்று. இருபத்தாறு வருஷமாக ஜெபக்கூடத்தின் காரியஸ்தன். மாலைதோறும் எழுந்து நின்று "இன்று இத்தனை நாள்" என்று எல்லோருக்கும் அறிவிப்பவன். அந்த நான் ஒரு வருஷம்கூட நாற்பத்தொன்பதை முடித்ததில்லை. ஒருமுறை குடல்வால் அறுவை. ஒருமுறை தங்கை கல்யாணத்து அராக் சாராயம். ஒருமுறை சாயங்காலம் கொஞ்சம் கண்ணயர்ந்தேன், விழித்தால் மறுநாள் சாயங்காலம். தவறிய நாளிலிருந்து, "மூத்தவர் ஒருத்தர் துதி சொல்லட்டும், நான் எதுக்கு?" என்று ஒதுங்கிவிடுவேன். என் பணிவைப் பற்றி ஊரே பேசுகிறது.

இந்த வருஷம் முடித்தே தீருவேன். செத்தாலும்.

நிசான் 22, வியாழன்

பண்டிகை முடிந்தது. ஒரு வாரத்துக்கு மேல் பேனாவைத் தொடவில்லை. ஏழு எண்ணியாயிற்று. அன்பு வாரம் முடிந்துவிட்டது. நான் அன்பாக இருந்தேனா என்று சுலீகாவிடம் கேட்டேன்.

"சாப்பாட்டு மேல ரொம்ப அன்பா இருந்தீங்க" என்றாள்.

மரச்சட்டத்தில் நாற்பத்தொன்பது அட்டைகளைக் கோத்து ஜெபக்கூடத்தில் மாட்டியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் எண்ணும் குணமும் என் கையெழுத்தில். மாலையில் ஒன்றைத் திருப்புவேன், அதைப் பார்த்து அறிவிப்பேன். தவறுக்கு இடமே இல்லை.

ரஹமிம் இன்றும் வந்தான். சுலீகாவின் அண்ணன், என் மச்சான். ஒன்பது வருஷமாக எங்களுக்குள் பேச்சில்லை. காரணம், ஜெபக்கூடத்தின் மேற்கு ஜன்னல். அது திறந்திருந்தால்தான் ஜெபம் மூச்சுவிடும் என்பது என் கட்சி. திறந்திருந்தால் தனக்கு மூச்சு நின்றுவிடும் என்பது அவன் கட்சி. நான் திறப்பேன், அவன் மூடுவான். ஒரு ஜெபத்துக்கு நாலு தடவை, இருவரும் வாய் திறக்காமல். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், "இனிமே இந்த ஆள்கிட்ட ஒரு வார்த்தை பேசினேன்னா..." என்று ஆரம்பித்து, என்ன ஆகும் என்று சொல்லாமலே போய்விட்டான். ஊர் அதைச் சபதம் என்று எடுத்துக்கொண்டது. அவனும் அப்படியே எடுத்துக்கொண்டான்.

நிசான் 25, ஞாயிறு

நேற்றைய ஓய்வுநாள் கட்டுப்பாட்டுக்குள் கட்டுப்பாடு. மேஜையில் எழுந்து நின்று, இன்று ஒரே ஒரு கரண்டி தஃபினாதான் என்று அறிவித்தேன். இரவெல்லாம் அடுப்பில் வெந்த மாட்டிறைச்சியும் கொண்டைக்கடலையும் முழு முட்டையும் என் முன்னால் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. ஒரு கரண்டியோடு நிறுத்தினேன். சுலீகா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மதியம் எல்லோரும் தூங்கிய பிறகு பானையிலிருந்து நின்றபடியே சாப்பிட்டேன். நின்று சாப்பிட்டால் அது சாப்பாட்டில் சேராது என்று நினைக்கிறேன். எங்கள் குரு ரப்பி யெஹோயாதாவிடம் கேட்கப்போவதில்லை.

நிசான் 29, வியாழன்

பதினான்கு. இன்று தெருப் பூனைகளைத் திட்டவில்லை. ஒன்று என் செருப்பில் குட்டி போட்டிருக்கிறது.

இயார் 3, திங்கள்

இன்று மாலை திபேரியா பஸ்ஸில் ஒரு கண்டம் தாண்டினேன். சூரியன் இறங்கிவிட்டது, நான் இன்னும் எண்ணவில்லை. ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "பெரியவரே, இன்னைக்கு எத்தனாவது நாள்?" என்றான். எண்ணை வாய்விட்டுச் சொன்னால் அதுவே எண்ணியதாகிவிடும், அன்றைய துதி கையைவிட்டுப் போய்விடும். அதனால் எங்களில் யாரும் இன்றைய எண்ணைச் சொல்வதில்லை. நேற்றையதைச் சொல்வோம், கேட்டவன் ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டியது.

"நேத்து பதினெட்டு" என்றேன், தூக்கத்தில் கேட்டாலும் அப்படித்தான் வரும்.

"நேத்து எனக்கு எதுக்கு? இன்னைக்கு எத்தன?"

"நேத்து பதினெட்டு!"

"கணக்கு போடத் தெரிஞ்சா நான் ஏன் பஸ் ஓட்டறேன்?" என்றான். வண்டியில் இருந்த நாலு பேரும் சேர்ந்து "நேத்து பதினெட்டு!" என்று கத்தினார்கள். அவன் கடைசிவரை எண்ணினானா என்று தெரியவில்லை.

இயார் 9, ஞாயிறு

இருபத்துநான்கு! போன வருஷம் பத்தொன்பதில் விழுந்தேன். இந்த உயரத்தில் காற்றே வேறு மாதிரி இருக்கிறது.

இன்று மாலை எண்ணப்போவது இருபத்தைந்து. நான்காவது வாரத்தின் நான்காவது நாள், உறுதிக்குள் உறுதி. எனக்கென்றே வைத்த நாள். சுலீகா அத்திப்பழ ஜாம் காய்ச்சியிருக்கிறாள். ரொட்டியில் தடவி, சாப்பிட்டுக்கொண்டே கிளம்புகிறேன்.

இயார் 10, திங்கள், மதியம் ஒரு மணி

செத்தேன்.

அட்டைகளைத் துடைக்கப் போனேன். இருபத்தைந்தாம் அட்டை இருபத்துநான்கின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜாம். என் விரல் ரேகை அப்படியே பதிந்திருக்கிறது, போலீசுக்கே வேலை வைக்காமல்.

அப்படியானால் நேற்று மாலை நான் திருப்பியது இருபத்தாறு. அறிவித்ததும் இருபத்தாறு. இருபத்திரண்டு பேர் நிமிர்ந்து நின்று என் பின்னால் இருபத்தாறு என்று சொன்னார்கள். மீன்கடை மக்லூஃப் மட்டும், "நேத்து இருபத்தி நாலுதானே?" என்று ஆரம்பித்தார். துதிக்கும் எண்ணுக்கும் நடுவில் யாரும் பேசக்கூடாது. அத்தனை பேரும் "ஷ்ஷ்ஷ்!" என்று அவர் மேல் பாய்ந்தார்கள். நானும்தான். எல்லோரையும்விட சத்தமாக நான்தான்.

ரப்பி யெஹோயாதாவிடம் ஓடினேன். அவரும் இருபத்தாறுதான் சொல்லியிருக்கிறார். "எனக்கு என்னவோ இடிச்சுது. காரியஸ்தன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்" என்றார். தப்பு எண் சொன்னது எண்ணாததற்குச் சமம். ஆனால் சூரியன் மறைவதற்குள் சரியான எண்ணைத் துதி இல்லாமல் சொல்லிவிட்டால் சங்கிலி அறாது. இன்று மாலையிலிருந்து வழக்கம்போலத் தொடரலாம். மறைந்துவிட்டால் அத்தனை பேருக்கும் போச்சு. அவர் அங்கேயே எழுந்து நின்று எண்ணிவிட்டு, பாக்கி இருபத்தொரு பேரைப் பிடிக்கச் சொன்னார்.

ஏழே காலுக்குச் சூரியன் மறைகிறது. இருபத்தொரு பேர். இதில் எவன் வீட்டில் இருப்பான்? ஐயோ, நான் ஏன் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன் - ஓடு!

இயார் 11, செவ்வாய்

கால் இரண்டும் வெந்நீர் வாளியில். எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

நேற்று தொலைபேசி உள்ள மூன்று வீடுகளுக்கு மளிகைக் கடையிலிருந்து பேசினேன். எல்லோரிடமும் ஒரே வாக்கியம்தான். "நேத்து இருபத்தி நாலு. இப்போ எண்ணுங்க." காரணம் கேட்டவர்களிடம், அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

பிறகு கீழ்த்தெருவிலிருந்து நடை. தையற்காரர் எலியேசரைப் பல் டாக்டரின் நாற்காலியில் பிடித்தேன். வாய் நிறையப் பஞ்சு. "நேத்து இருபத்தி நாலு" என்றேன். "ஊவவ்வவ்வு" என்றார். இது செல்லுமா? செல்லாது என்று எனக்குப் பட்டது. பஞ்சை எடுங்கள் என்று டாக்டரிடம் சொன்னேன். எடுத்தால் ரத்தம் வரும் என்றார் அவர். வரட்டும் என்றார் எலியேசர், பஞ்சோடு. கடைசியில் எடுத்தார்கள். ரத்தமும் எண்ணும் சேர்ந்து வந்தன.

ஆசாரிப் பட்டறை யாமீன் சடங்குக் குளத்தில் முங்கிக்கொண்டிருந்தான். உடுப்பில்லாமல் புனிதமான எதையும் சொல்லக்கூடாது. கரையில் நின்று துண்டை நீட்டினேன். தலை மேலே வரும்போதெல்லாம் "வெளிய வா!" என்பேன், அவன் அதற்குள் உள்ளே போய்விடுவான். யாரோ சாகக் கிடக்கிறார்கள் என்று நினைத்து வெளியே வந்தவன், விஷயம் தெரிந்ததும், "இதுக்கா? நான் எங்கம்மாவுக்கு என்னவோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன்" என்று என்னை அடிக்க வந்தான். அடிக்கும் முன் எண்ணிவிட்டான், நல்லவன்.

மக்லூஃபுக்குக் காது மந்தம். மீன் சந்தைக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

"நேத்தே சொன்னேன்ல! சொன்னேனா இல்லையா? ஷ்ஷ்னு அடக்கினவன் எவன்?" என்று அவர் அதைவிட உரக்கக் கத்தினார். அடக்கியவர்களில் மூன்று பேர் அங்கேயே மீன் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பையைக் கீழே வைத்துவிட்டு எண்ணினார்கள். நல்லதாய்ப் போயிற்று.

இன்னும் இரண்டு பேரை வழியில் பிடித்தேன். மணி ஐந்தேகால். பதினொன்று முடிந்தது, பத்து பாக்கி. அத்தனை பேரும் கோட்டைப் பக்கம், மேலே, நூற்றைம்பது படிக்கு அப்பால். மூச்சு வாங்க ஏறி, பூட்டுக்கடை அஸ்ரியேலின் கதவைத் தட்டி, "நேத்து இருபத்தி நாலு" என்றேன்.

"காலையிலயே எண்ணிட்டேனே" என்றான்.

"யார் சொன்னா?"

"ரஹமிம் வந்தான். ஏழரை மணி இருக்கும். இருபத்தஞ்சுன்னு எண்ணுன்னான். ஏன்டான்னேன். எண்ணுன்னான். எண்ணினேன். அடுத்த வீட்டுக்குப் போயிட்டான்."

அடுத்த வீட்டிலும் அதே கதை. அதற்கடுத்த வீட்டிலும். மேல்தெரு முழுவதையும், அந்த முழங்கால் வலிக்காரன், காலையிலிருந்து படி படியாக ஏறி இறங்கி முடித்திருக்கிறான். முந்தாநாள் இரவு அவன் மட்டும் தனக்குள் சரியாக எண்ணியிருக்கிறான். தப்பு நடந்தது அவனுக்கு அப்போதே தெரியும்.

எனக்கு ஆத்திரம்தான் முதலில் வந்தது. தெரிந்தால் காலை ஜெபத்திலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே? எல்லோரும் அங்கேதானே இருந்தார்கள்? ஒரு வார்த்தை! அஸ்ரியேலிடம் திரும்பிப் போய் இதைக் கேட்டேன். அவனும் ரஹமிமிடம் அதையே கேட்டானாம்.

"என்ன சொன்னான்?"

"'அத்தனை பேர் முன்னாடி அவன் மூஞ்சி எப்படிப் போகும்னு உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்'னான்."

படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். எதிர் வீட்டுப் பெண்மணி ஒரு கோப்பைத் தண்ணீர் கொடுத்தாள். ஒன்பது வருஷமாக அவனைப் பற்றிச் சுலீகாவிடம் நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் வந்தது. நிறைய சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து, குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டேன். எல்லோரும் தப்பித்தார்கள். என் நாற்பத்தொன்பதும் தப்பித்தது. சூரியன் மேரோன் மலைக்குப் பின்னால் போனதைப் பார்த்து, ஆண்டவரே நன்றி என்றுகூடச் சொன்னேன். எவ்வளவு பெரிய முட்டாள்!

இருட்டி, நட்சத்திரம் வந்து, ஜெபம் முடிந்தது. எண்ணும் நேரம். இருபத்திரண்டு பேரும் என்னையே பார்க்கிறார்கள். இருபத்தாறாம் அட்டையை எல்லோருக்கும் தெரியும்படி இரண்டு முறை தட்டிக்காட்டினேன். சிரித்தார்கள். துதி சொல்ல மூச்சை இழுத்தேன்.

"நிறுத்து!"

ரஹமிம். எழுந்து நிற்கிறான்.

"நீ எண்ணினியா?"

என்னிடம்தான். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு. எனக்குச் சிரிப்பு வந்தது. இதென்ன கேள்வி? நாள் முழுக்க நான் செய்த வேலை வேறென்ன? எத்தனை பேரிடம், எத்தனை தடவை, நேத்து இருபத்தி நாலு, நேத்து இருபத்தி நாலு, நேத்து -

ஐயோ.

இருபத்தைந்து என்ற சொல் காலையிலிருந்து என் வாயில் வரவே இல்லை. ஒருமுறைகூட இல்லை. ஊரையெல்லாம் எண்ண வைத்துவிட்டு, எண்ணாத ஒரே ஆள் நான்தான்.

ரப்பி கண்ணை மூடிக்கொண்டார். ரஹமிம், "அட மடையா" என்றான். ரொம்ப மெதுவாக, கிட்டத்தட்ட பிரியமாக.

அழுதேன். எழுதிவிடுகிறேன், இந்த நோட்டில் எதற்குப் பொய்? இருபத்திரண்டு பேர் முன்னால் மூக்கைச் சிந்தி அழுதேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஒரு வருஷம்கூட முடித்ததில்லை, பணிவெல்லாம் வேஷம், குடல்வால், அராக், எல்லாம்.

"அது எங்களுக்குத் தெரியாதா?" என்றார் மக்லூஃப். "உனக்கு எந்த நாள்ல பணிவு வரும்னு வருஷா வருஷம் என் கடையில பந்தயம் நடக்குது. இந்த வருஷம் இருபத்தஞ்சுன்னு யாருமே சொல்லல."

ரப்பி வழி சொன்னார். சங்கிலி அறாத ஒருவன் துதி சொல்லட்டும். சொல்லும்போது அவன் ஓவதியாவை, அதாவது என்னை, மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஓவதியா அதை மனதால் ஏற்று, ஆமென் சொல்லி, பிறகு எண்ணட்டும். இரண்டு மனதும் அங்கே இல்லாவிட்டால் செல்லாது. யார் சொல்கிறீர்கள் என்று அவர் சுற்றிப் பார்ப்பதற்குள் ரஹமிம் என் பக்கத்தில் வந்து நின்றுவிட்டான்.

"ஏற்கெனவே வாயத் தொறந்தாச்சு. நானே சொல்லித் தொலைக்கிறேன்" என்றான்.

துதி சொன்னான். ஆமென் சொன்னேன். இருபத்தாறு. உறுதிக்குள் பணிவு.

இயார் 13, வியாழன்

புதுச் சிக்கல். எண்ணும் விஷயத்தைத் தவிர வேறு எதற்கும் ரஹமிம் என்னிடம் பேசுவதில்லை. மற்றதெல்லாம் சுலீகா மூலம். இன்று காலை அவள் அவன் வீட்டுக்குப் போய்விட்டு வந்து சொன்னாள்.

"நேத்து துதி பாதியில இருக்கும்போது அவன் மனசு கூரை ஒழுகற இடத்துக்குப் போயிடுச்சாம். மறுபடியும் உங்ககிட்ட வந்துடுச்சாம். செல்லுமான்னு கேக்கச் சொன்னான்."

"கூரைக்குப் போயிட்டு எவ்வளவு நேரத்துல வந்ததுன்னு கேளு."

"நீங்களே போய்க் கேளுங்க. நான் என்ன தபால்காரியா?"

போகவில்லை. ரப்பியிடம் கேட்டேன். உள்ளம் திரும்பி வந்தால் போதும் என்றார். கூடவே, உங்கள் உள்ளம் எங்கே இருந்தது என்று கேட்டார். ஜன்னலில் இருந்தது. மூடியிருந்தது அது.

இயார் 18, செவ்வாய்

முப்பத்துமூன்று. பணிவுக்குள் பணிவு. இந்த நாளின் வழக்கப்படி மேரோன் மலையில் நெருப்பு மூட்டி ஆடப் பாதி ஊர் போய்விட்டது. இன்று ஒருவர்கூட என் பணிவைப் பாராட்டவில்லை. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

இயார் 24, திங்கள்

நேற்று மாலை ஜெபத்துக்கு முன்னால் ரஹமிம் தானாகவே என்னிடம் வந்தான்.

"உன்னை மனசுல வைக்கிறது பெரிய பாடா இருக்கு. எந்த மாதிரி வைக்கணும்? இப்ப இருக்கற மாதிரியா, இல்ல கல்யாணத்தன்னிக்கு இருந்த மாதிரியா?"

"உனக்கு எப்படி வசதியோ அப்படி வை."

"கல்யாணத்தன்னிக்கு ஒல்லியா இருந்த. சட்டுனு உள்ள வந்துடற. இப்ப இருக்கற ஆளை உள்ள கொண்டுவரவே துதி முடிஞ்சுடுது."

"அப்போ அதையே வை."

"ஆனா அப்போ நீ யாருன்னே எனக்குத் தெரியாதே. தங்கச்சியை எவனோ கூட்டிட்டுப் போறான்னு அழுதுட்டிருந்தேன்."

அவன் அழுதது எனக்குத் தெரியாது. முப்பத்தாறு வருஷத்தில் சுலீகாவும் சொன்னதில்லை. ஒல்லியாக இருந்தவனையும் குண்டாக இருப்பவனையும் மாற்றி மாற்றி வைத்துப் பார் என்றேன். யோசித்துவிட்டுத் தலையாட்டினான். ஜன்னல் விஷயத்தில் இருவரும் அரை அங்குலம்கூட இறங்கவில்லை.

நான் அவனை எப்படி வைக்கிறேன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். காலை ஏழரை மணிக்கு, வலிக்கிற முழங்காலோடு, மேல்தெருப் படிகளில்.

சிவான் 1, ஞாயிறு

நாற்பத்தைந்து. இவ்வளவு தூரம் வந்ததே இல்லை. இப்படி வந்ததை நான் வந்ததாகச் சொல்லலாமா? துதி அவனுடையது. எண் என்னுடையது. யாருடைய படியில் யார் ஏறுகிறார்கள்? கேட்டால் சுலீகா, "ஏறுங்க முதல்ல, அப்புறம் படி யாரோடதுன்னு பாக்கலாம்" என்கிறாள்.

சிவான் 4, புதன்

ரஹமிமின் குரல் போய்விட்டது. கூரை வேலைக்காரனோடு இரண்டு நாளாகச் சண்டையாம். நேற்று மாலை துதி சொல்லும்போது பாதி எழுத்துதான் வெளியே வந்தது. இன்றுதான் கடைசி, நாற்பத்தொன்பது. சுலீகா தேனும் இஞ்சியும் போட்டுக் காய்ச்சி அனுப்பினாள். வெறும் கோப்பைதான் திரும்பி வந்தது, ஒரு வார்த்தை வரவில்லை.

சிவான் 5, வியாழன்

சூரியன் இறங்கினால் பண்டிகை, பேனாவைத் தொட முடியாது. அதற்குள் எழுதிவிட வேண்டும்.

நேற்று மாலை ரஹமிம் கழுத்தில் கம்பளி சுற்றிக்கொண்டு வந்தான். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மக்லூஃப் சொல்லட்டும், யார் துதி சொன்னாலும் செல்லும் என்றார் ரப்பி. மக்லூஃப் உடனே தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார். ரஹமிம் அவரைத் தோளில் கைவைத்து உட்கார வைத்தான். பிறகு என்னிடம் வந்து, என் காதைப் பிடித்துத் தன் வாய்க்குக் கிட்டே இழுத்தான்.

ஒவ்வொரு வார்த்தையாக, காதுக்குள்ளேயே துதி சொன்னான். சூடாக இருந்தது. பூண்டு வாசனை, இஞ்சி வாசனை. நடுவில் ஒருமுறை நிறுத்தி, என் முகத்தை ஒரு பார்வை பார்த்துக்கொண்டான். ஒல்லி ஆளா குண்டு ஆளா என்று தெரியவில்லை. பிறகு தொடர்ந்தான். மற்ற இருபத்தொரு பேரும் எண்ணாமல் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். ஒருவர்கூட ஷ்ஷ் என்று சொல்லவில்லை, சொல்ல அங்கே சத்தமும் இல்லை.

ஆமென் என்றேன். "இன்று நாற்பத்தொன்பது நாள், அதாவது ஏழு வாரம்." முடித்தேன். முடித்தோம்.

இன்று காலை சுலீகா பாலாடைக்கட்டிப் பணியாரத்துக்கு மாவு பிசைந்துகொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"புதுப் பாத்திரம்னு சொன்னீங்களே, எங்க?"

"தெரியலையே."

"அந்தத் தட்டை எடுத்து இங்க வைங்க, தேடலாம்" என்றாள். வைத்தேன்.

நாலு மணிக்குக் கதவைத் தட்டினார்கள். ரஹமிம், கழுத்துக் கம்பளியோடு. இன்று மாலை எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. நாற்பத்தொன்பதோடு எல்லாம் முடிந்தது. இனி அவன் என்னை மனதில் வைக்க வேண்டிய அவசியமே இல்லை, அடுத்த பஸ்கா வரைக்கும்.

"எதுக்கு மச்சான் வந்த? இன்னைக்கு எண்ண ஒண்ணும் இல்லையே?" என்றேன்.

பழக்கதோஷம், என் காதைப் பிடித்துக் கிட்டே இழுத்தான்.

"சும்மாதான் மாப்ள."

உள்ளே வந்து அடுப்படியில் உட்கார்ந்தான். முதல் பணியாரம் அவனுக்குத்தான் போயிற்று. சூரியன் மேரோனைத் தொடப் போகிறது, நான் பேனாவை வைத்தாக வேண்டும். அவன் இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான்.